கொடைக்கானல் மலையில் 'டீடாக்ஸ்' இல்லம் தேடுகிறவர்கள் சேர்க்கும் முன் படிக்கவும்

பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெருமாள்மலை வட்டாரத்தில் குடிநோயாளியைச் சேர்க்க இடம் விசாரித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இந்தப் பதிவு. "மருத்துவர் மேற்பார்வையில் டீடாக்ஸ், சுத்தமான மலைக்காற்று, யோகா, மூலிகை உணவு" என்று பேசி என் சித்தப்பாவைச் சேர்த்துக்கொண்ட மறுவாழ்வு இல்லத்தில் மருத்துவரே கிடையாது. நர்சும் கிடையாது. அவர் பிழைத்தது அந்த இல்லத்தால் அல்ல. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இதே மாதிரி இடங்கள் வேறும் இருக்கும்.

சித்தப்பா மேல்மலைக்காரர். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர். முப்பது வருடக் குடி. சமீப காலமாகக் காலையில் எழுந்ததும் ஒரு குவார்ட்டர் போனால்தான் கை நடுக்கம் நிற்கும். இதையெல்லாம் சேர்க்கும்போதே சித்தி மேனேஜரிடம் சொன்னார். ஏற்கெனவே ஒரு முறை வலிப்பு வந்திருக்கிறது என்பதையும் சொன்னார். அவர் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வது போல எழுதிக்கொண்டு, "இதைவிட மோசமான கேஸெல்லாம் பார்த்திருக்கோம்மா, மூணே நாள்ல உடம்பைச் சுத்தம் பண்ணிடுவோம்" என்றார். முன்பணம் 45,000 ரூபாய். திருப்பித் தர மாட்டார்களாம். அப்புறம் ஒரு பத்து ரூபாய் முத்திரைத்தாள், எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று. முதல் வாரம் போனில் பேசக்கூடாது, பார்க்க வரக்கூடாது. பேசினால் மனசு வீட்டுப் பக்கம் இழுக்குமாம்.

இப்படிப்பட்ட ஆளுக்குக் குடியைச் சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைப் பிற்பாடு மதுரையில் டாக்டர் எனக்கு விளக்கினார். மது மூளையை மந்தப்படுத்தும். வருடக்கணக்கில் மந்தப்படுத்திக்கொண்டே இருந்தால், அதற்கு ஈடுகொடுக்க மூளை தன் பரபரப்பை ஏற்றி வைத்துக்கொள்ளும். ஒரே நாளில் மதுவை எடுத்துவிட்டால் அந்தப் பரபரப்பு மட்டும் தடுக்க ஆளில்லாமல் நிற்கும். கடைசிக் குடிக்கு ஆறேழு மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, குமட்டல் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். அதையும் தாண்டி இரண்டு, மூன்று நாளில் சிலருக்கு ஆளும் இடமும் தெரியாத பிதற்றல் வரும். அதற்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பெயர். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். முன்பு வலிப்பு வந்தவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். மேனேஜர் நோட்டில் எழுதிக்கொண்ட விஷயம் அதுதான்.

இரண்டாம் நாள் இரவு நடந்ததை, அதே கூடத்தில் படுத்திருந்த ஒரு பையன் வெளியே வந்த பிறகு சொல்லித்தான் முழுசாகத் தெரிந்துகொண்டோம். சாயங்காலமே சித்தப்பாவுக்கு உடம்பெல்லாம் ஆடியிருக்கிறது. வார்டன் என்பவர் முன்பு அங்கேயே நோயாளியாக இருந்தவர், வேறு தகுதி எதுவும் இல்லை. அட்டையிலிருந்து வெட்டிய, பெயர் தெரியாத ஒரு மாத்திரையைக் கொடுத்திருக்கிறார். ராத்திரி வலிப்பு வந்திருக்கிறது. வலிப்பு நின்ற பிறகு சித்தப்பா சுவரோரம் உட்கார்ந்து, இல்லாத பூண்டை எடுத்து இல்லாத கயிற்றில் கட்டு கட்டிக்கொண்டே இருந்தாராம். குதிரையை அதட்டினாராம். "நடிக்கிறான்" என்று சொல்லி வேட்டியால் கட்டிலோடு கட்டிப்போட்டு, வெளியே பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். விடிந்து காய்ச்சல் அடித்த பிறகுதான் எங்களுக்கு போன். "உங்க ஆள் ஒத்துழைக்க மாட்டேங்கிறார், வந்து கூட்டிட்டுப் போங்க." வண்டி கேட்டோம், இல்லை என்றார்கள். காட்ரோட்டில் ஜீப் பிடித்து வத்தலக்குண்டு அரசு மருத்துவமனைக்கு இறக்கினோம். அங்கே ஊசி போட்டு, 108 வண்டியில் மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

மதுரையில் முதல் கேள்வி, இதுவரை என்ன மருந்து கொடுத்தார்கள் என்பது. எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இல்லத்துக்கு போன் போட்டால் எடுக்கவில்லை.

அங்கே செய்த வைத்தியத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் டீடாக்ஸ் என்றால் இதுதான். மூளையின் அந்தப் பரபரப்பை அடக்கும் லோராசெபாம் ஊசி. ஈரல் ஓரளவு நன்றாக இருப்பவர்களுக்குக் குளோர்டயசெபாக்சைடு மாத்திரை கொடுப்பார்கள், லிப்ரியம் என்று சொல்வது அதைத்தான். சித்தப்பாவுக்கு ஈரல் கெட்டிருந்ததால் லோராசெபாம். முதலில் தேவையான அளவு கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துகிறார்கள். கூடவே தயமின், அதாவது வைட்டமின் பி1 ஊசி. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே அதைப் போட்டார்கள். நீண்டகாலம் குடித்தவர்களுக்குத் தயமின் இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கலாம், பார்வை, நடை, ஞாபகம் எல்லாம் தடுமாறலாம் என்றார் டாக்டர். சில மணி நேரத்துக்கு ஒரு முறை நாடி, வியர்வை, நடுக்கம் பார்த்து எழுதினார்கள். இதில் மலைக்காற்றுக்கும் மூலிகைச் சாற்றுக்கும் எந்த வேலையும் இல்லை. மலைக்காற்று நல்லதுதான், நாங்கள் பிறந்ததிலிருந்து அதைத்தான் சுவாசிக்கிறோம். சித்தப்பாவும்தான்.

அந்தக் கூடத்தில் கஞ்சா பையன்கள், வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொண்டவர்கள், தூக்க மாத்திரைக்கு அடிமையானவர்கள் எல்லோரும் ஒன்றாகக் கிடந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கஷாயம், ஒரே பூட்டு. தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். அப்படி ஊசி போட்டுக்கொள்ளும் வலி மாத்திரை போன்ற ஓபியம் வகை மருந்துகளுக்கு புப்ரெநார்ஃபின் போன்ற மாற்று மருந்து இருக்கிறது. அந்த வகையை நிறுத்தி வைத்துவிட்டு வெளியே வரும் பையன் பழைய அளவையே மறுபடி எடுத்தால், உடம்பு தாங்கும் சக்தி குறைந்திருப்பதால் அந்த ஒரு முறையிலேயே சாகலாம். இதை அந்தப் பெற்றோர்களிடம் யாராவது சொல்லியிருப்பார்களா என்று தெரியவில்லை.

சித்தப்பாவின் பையைத் திருப்பிக் கொடுத்தபோது உள்ளே ஒரு பொட்டலம் இருந்தது. மேலே எதுவும் எழுதவில்லை. "வீட்டுக்கு வந்ததும் தெரியாம சாம்பார்ல கலந்து கொடுங்க, குடியைக் கண்டாலே ஓடுவார்" என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறார்கள். அதற்குத் தனியாக 3,000 ரூபாய். மதுரை டாக்டர், சோதிக்காமல் சொல்ல முடியாது, ஆனால் இப்படி விற்பது பெரும்பாலும் டைசல்பிராம் என்றார். அது நல்ல மருந்துதான். ஆனால் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, ஈரலும் இதயமும் பார்த்த பிறகு கொடுக்க வேண்டியது. தெரியாமல் கொடுத்து அவர் குடித்துவிட்டால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழுந்து, இதயம் நிற்கும் வரை போகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த விளைவு இருக்கும். உங்கள் வீட்டில் இப்படிப் பொடி இருந்தால் அடுப்படியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இனி காகிதம். அலுவலகச் சுவரில் பெரிய சட்டத்தில் ஒரு சான்றிதழ் மாட்டியிருந்தது. போட்டோ எடுத்து வைத்திருந்தோம், பிற்பாடு வக்கீல் பெரிதாக்கிப் பார்த்தால் அது டிரஸ்ட் பதிவுப் பத்திரம். டிரஸ்ட் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். 2017 மனநல பராமரிப்புச் சட்டத்தில் மது, போதையால் வரும் மனநிலைப் பாதிப்பும் அடங்கும். அதனால் நோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். டிரஸ்ட் எண்ணையோ ஐஎஸ்ஓ முத்திரையையோ காட்டினால் எழுந்து வந்துவிடலாம். அதே சட்டத்தில் சங்கிலியால் கட்டக்கூடாது என்றும், நோயாளிக்கு வெளியே தொடர்புகொள்ளவும் தன் மருத்துவப் பதிவேட்டைப் பெறவும் உரிமை உண்டு என்றும் இருக்கிறது. நாங்கள் கேட்டபோது அப்படி ஒரு பதிவேடே இல்லை என்றார்கள். அதையும் புகாரில் சேர்த்திருக்கிறோம்.

நான் ஒரு இடத்தில் ஒரே கேள்வி கேட்க முடியுமென்றால் இதைக் கேட்பேன்: இன்றைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு இவருக்கு வலிப்பு வந்தால் கையில் ஊசி வைத்திருப்பவர் யார், அவரை இப்போது பார்க்கலாமா? "டாக்டர் வாரம் ஒரு முறை வருவார்" என்பது பதில் ஆகாது. வாரம் ஒரு முறை வரும் டாக்டர் வருவதற்குள் ஆபத்தான நாட்கள் முடிந்துவிடும். மலையில் இன்னும் ஒன்று உண்டு. மழை, மண்சரிவு, சீசன் கூட்டம் என்று பாதை அடைத்துவிட்டால் இறக்குவதற்கு வழியில்லை. ஆகவே தினசரிக் குடிகாரரின் முதல் பத்து நாளைக் கீழே ஒரு ஆஸ்பத்திரியிலேயே கழிப்பதுதான் சரி என்பது என் கருத்து. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, திண்டுக்கல், தேனி, மதுரை எல்லாம் நமக்குக் கிட்டத்தான். அதன் பிறகு கவுன்சலிங்குக்கு எந்த மலைக்கு வேண்டுமானாலும் வரட்டும்.

பணம் இன்னும் வரவில்லை. மாநில மனநல ஆணையத்துக்கும் திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு நாளிலும் புகார் கொடுத்திருக்கிறோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு தயார். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பொறுப்பல்ல என்று எழுதி வாங்கிய முத்திரைத்தாள் அலட்சியத்துக்குக் கேடயம் ஆகாது என்கிறார் வக்கீல். வேறு யாராவது இதே மாதிரி ஏமாந்திருந்தால் ரசீதையும் பொட்டலத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இப்போதே யாருக்காவது உதவி தேவையென்றால் போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் 14416, இரண்டும் இலவசம். வலிப்போ பிதற்றலோ தொடங்கிவிட்டால் இதற்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம், நேரே 108.