விடாத இருமலுக்கு எந்த டெஸ்ட்? சளி மைக்ராஸ்கோப், எக்ஸ்ரே, சிபிநாட், ட்ரூநாட்: ஒரு ஒப்பீடு

என் சித்தப்பாவுக்கு இருமல் தொடங்கி ஐந்தாவது வாரத்தில்தான் சளி டெஸ்டுக்குப் போனார். இரண்டு டப்பாவில் சளி கொடுத்தார். மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு ‘நெகட்டிவ்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அப்புறம் இருமல் டானிக், சாயங்காலக் காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை என்று இரண்டு மாதம் ஓடிவிட்டது. உடம்பில் எட்டு கிலோ இறங்கிய பிறகு வேறொரு இடத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் மேல்பகுதி வெள்ளையாகத் தெரிந்தது. அதே வாரம் சளியை, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் இயந்திரத்தில் போட்டார்கள்; டிபி, அதாவது காசநோய், உறுதியானது. ஆறு மாத மருந்துக்குப் பிறகு இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த இரண்டு மாதமும் பேத்தி அவர் மடியிலேயே கிடந்தாள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பதறுகிறது. அவளுக்கும் தடுப்பு மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தது.

சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்கள் தவறு செய்யவில்லை. அந்த டெஸ்டின் எல்லையே அவ்வளவுதான். எந்த டெஸ்ட் எதைப் பிடிக்கும், எதைத் தவறவிடும் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த நெகட்டிவ் சீட்டை நம்பிச் சும்மா இருந்திருக்க மாட்டோம்.

மைக்ராஸ்கோப்

1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக பெர்லினில் அறிவித்தார். அடுத்த சில மாதங்களிலேயே கிருமிக்குச் சாயமேற்றிப் பார்க்கும் முறை வந்தது. நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாகக் கிருமிகள் தெரியும். நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்தும் கிட்டத்தட்ட அதே முறைதான். செலவு மிகக் குறைவு, கரண்ட் பெரிதாக வேண்டாம், பழகிய டெக்னீசியன் ஒருவர் இருந்தால் போதும்.

ஒரு மில்லி சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் மைக்ராஸ்கோப்பில் நம்பிச் சொல்ல முடியும். அதற்குக் கீழே இருந்தால் கண்ணில் படாமல் போகலாம். கல்ச்சரில், அதாவது கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் டெஸ்டில், டிபி என்று உறுதியாகும் நோயாளிகளில் இது பிடிப்பது ஏறக்குறைய பாதிப் பேரை, நல்ல லேபில் அதற்குக் கொஞ்சம் மேலே. குழந்தைகளிடமும் ஹெச்ஐவி உள்ளவர்களிடமும் இன்னும் குறைவு. கிருமி மருந்துக்குக் கட்டுப்படுமா என்பதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாது.

ஆகவே நோயைக் கண்டுபிடிக்க மைக்ராஸ்கோப்பை மட்டும் நம்பும் காலம் முடிந்துவிட்டது என்பது என் கருத்து. ஆனால் அதைத் தூக்கிப் போட முடியாத ஒரு வேலை இருக்கிறது. மருந்து தொடங்கிய பிறகு கிருமி குறைகிறதா என்று பார்க்க இன்றும் இதுதான் கைகொடுக்கிறது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

எக்ஸ்ரே

என் மனதை மாற்றிய எண் இதுதான். 2019 முதல் 2021 வரை இந்தியா முழுக்க வீடு வீடாகப் போய் நடத்திய தேசியக் காசநோய் ஆய்வில், கண்டுபிடிக்கப்பட்ட நுரையீரல் காசநோயாளிகளில் 42.6 சதவீதம் பேரை எக்ஸ்ரே இல்லாவிட்டால் தவறவிட்டிருப்பார்கள். அவர்களிடம் கேள்வி கேட்டபோது இருமல், காய்ச்சல், எடை குறைவு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. இன்னொரு எண்ணும் அதே ஆய்வில் இருக்கிறது: அறிகுறி இருந்தவர்களில் 64 சதவீதம் பேர் எந்த மருத்துவரிடமும் போயிருக்கவில்லை. ‘இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? வாங்க’ என்று போஸ்டர் ஒட்டிவிட்டுக் காத்திருந்தால் என்ன ஆகும் என்று இந்த இரண்டு எண்களும் சேர்ந்து சொல்கின்றன.

எக்ஸ்ரே மட்டும் பார்த்து டிபி என்று முடிவு கட்ட முடியாது. நிமோனியா, பழைய தழும்பு, புற்றுநோய் எல்லாமே படத்தில் வெள்ளையாகத்தான் விழும். யாரைச் சோதிக்க வேண்டும் என்று விரல் காட்டுவதே அதன் வேலை. அந்த வேலைக்கு அதை மிஞ்ச இப்போதைக்கு எதுவும் இல்லை.

முன்பு படத்தைப் படிக்க ஆள் கிடைக்காது. ஒரு ரேடியாலஜிஸ்ட் எத்தனை கிராமத்துப் படங்களைப் பார்ப்பார்? இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் ஒரு நிமிடத்துக்குள் படத்துக்கு மதிப்பெண் போட்டுவிடுகின்றன. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இவற்றைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. அதே ஆண்டு டாக்காவிலிருந்து ஒரு பெரிய ஒப்பீடு வெளிவந்தது. மூன்று மையங்களுக்கு வந்த 23,954 பேரின் எக்ஸ்ரேக்களை ஐந்து மென்பொருள்களும் மூன்று ரேடியாலஜிஸ்டுகளும் தனித்தனியாகப் படித்தார்கள். ஐந்தில் ஒன்று நம் மும்பையில் உருவான க்யூஎக்ஸ்ஆர். ஐந்துமே ரேடியாலஜிஸ்டுகளைவிடச் சரியாகச் சொல்லின. நோயாளிகளில் 90 சதவீதத்துக்கு மேல் பிடித்துக்கொண்டே, அடுத்த கட்டமான சிபிநாட் போன்ற மூலக்கூறு டெஸ்டுகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கலாம் என்றும் தெரிந்தது. ஏழை நாட்டுக்கு அது சின்ன மிச்சம் இல்லை.

இதிலும் கவனிக்க ஒன்று உண்டு. எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் சந்தேகம் என்ற கோட்டை அந்தந்த ஊருக்கு ஏற்றபடி நாமே வரைய வேண்டும். ஏற்கெனவே டிபி வந்து குணமானவர்களின் தழும்பைப் பார்த்து மென்பொருள் ஏமாந்துபோகும். வயதானவர்கள் அதிகம் உள்ள ஊரில் கோட்டைத் தாழ்த்தி வைத்தால் பாதி ஊரைச் சளி கொடுக்கச் சொல்லி அனுப்பிவிடும்.

2024 டிசம்பர் 7-இல் மத்திய அரசு தொடங்கிய நூறு நாள் இயக்கத்தில் கையில் தூக்கிப் போகும் எக்ஸ்ரே கருவிகள் ஊருக்குள்ளேயே வந்தன. நோயாளியை எக்ஸ்ரே அறைக்கு வரச் சொல்வதைவிட எக்ஸ்ரேயே தெருவுக்கு வருவதுதான் சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சிபிநாட்டா, ட்ரூநாட்டா?

உண்மையான போட்டி இங்கேதான். இரண்டுமே கிருமியின் மரபணுத் துண்டைப் பலமடங்காகப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் டெஸ்டுகள். ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்குக் கிருமி கட்டுப்படாமல் போயிருந்தால் அதையும் சொல்லிவிடும்.

சிபிநாட் என்று நம் அரசு மருத்துவமனைகளில் சொல்வது ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரத்தை. கலிஃபோர்னியாவின் செஃபீட் நிறுவனம் செய்வது. 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஒப்புதல் கொடுத்தது. சளியில் ஒரு திரவத்தைக் கலந்து, கால் மணி நேரம் வைத்து, கார்ட்ரிட்ஜில் ஊற்றி உள்ளே தள்ளினால் போதும், மீதியை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு. ஒரு மில்லியில் நூற்று முப்பது கிருமிகள் இருந்தாலே கண்டுபிடிக்கும். பின்னால் வந்த அல்ட்ரா கார்ட்ரிட்ஜுக்குப் பதினாறு போதும். மைக்ராஸ்கோப் கேட்கும் ஐயாயிரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சித்தப்பாவின் சளியில் முதல் முறையும் கிருமி இருந்திருக்கும், எண்ணிக்கைதான் போதவில்லை என்று நினைக்கிறேன்.

ட்ரூநாட் நம் நாட்டுக் கருவி. பெங்களூரு பிக்டெக்கில் பிறந்து, கோவாவின் மோல்பயோ நிறுவனம் தயாரிப்பது. உலக சுகாதார நிறுவனம் இதை 2020-இல் ஏற்றுக்கொண்டது. கண்டுபிடிக்கும் திறனில் சிபிநாட்டுக்குக் கிட்டத்தட்ட இணை. பேட்டரியில் ஓடும். சூட்கேஸ் அளவுதான். முக்கியமாக, 40 டிகிரி வெயிலைத் தாங்கும். சிபிநாட்டுக்கு 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, ஏசி அறை கட்டாயம். மே மாதத்து வேலூரில் மதியம் கரண்ட் போகும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தை நினைத்துக்கொண்டால் எது பொருந்தும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ட்ரூநாட்டின் குறை, கைவேலை அதிகம். மரபணுவைப் பிரித்தெடுக்க ஒரு கருவி, பிறகு பைபெட்டால் சொட்டு எடுத்து சிப்பில் விடுவது என்று படிகள் உண்டு. மருந்து எதிர்ப்பு டெஸ்டுக்கு இரண்டாவது சிப், இன்னும் ஒரு மணி நேரம். கூட்டம் அதிகமான மாவட்டத் தலைமை மருத்துவமனையில் நான்கு சளியை ஒரே நேரத்தில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்க முடிகிற சிபிநாட்தான் டெக்னீசியனுக்கு வசதி. அதன் கார்ட்ரிட்ஜ் விலை பல வருடம் 9.98 டாலராக நின்றுவிட்டு, நோயாளி அமைப்புகளின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2023 செப்டம்பரில் 7.97 டாலராக இறங்கியது.

என் தேர்வு: கிராமத்துக்கும் மலைக்கும் ட்ரூநாட், பெரிய ஆஸ்பத்திரிக்கு சிபிநாட். ‘எது உயர்ந்தது’ என்று கேட்டு, இருக்கிற ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றுக்காக நாள் கடத்துவதுதான் பெரிய தப்பு.

இரண்டுக்கும் பொதுவான இரண்டு குறைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். செத்த கிருமியின் மரபணுவையும் இவை பிடித்துவிடும். ஆகவே முன்பு டிபி வந்து குணமானவருக்குப் பாசிட்டிவ் வந்தால் மருத்துவர் யோசிக்க வேண்டியிருக்கும். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவும் இவை உதவாது. அதனால்தான் அந்த வேலை இன்னும் மைக்ராஸ்கோப்பிடமும் கல்ச்சரிடமும் இருக்கிறது. அடுத்தது, ஐசோநியாசிட் என்ற இன்னொரு முதல்வரிசை மருந்துக்கு எதிர்ப்பு இருந்தால் வழக்கமான கார்ட்ரிட்ஜும் சிப்பும் சொல்லாது. அதற்கு வேறு டெஸ்ட் வேண்டும்.

கல்ச்சர் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கடைசித் தீர்ப்பு அதனுடையதுதான், ஆனால் திரவ முறையில் ஆறு வாரம்வரை, பழைய முறையில் எட்டு வாரம்வரை ஆகலாம். முதல் டெஸ்டாக அதற்குக் காத்திருக்கக் கூடாது.

யார் இறந்துபோகக்கூடும் என்று சொல்லும் டெஸ்ட்

மேலே சொன்ன எல்லாமே நோய் இருக்கிறதா என்று சொல்பவை. நோயாளி பிழைப்பாரா என்பது தனிக் கேள்வி. காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் நடக்கிறது. ஆகவே முதல் நாளே ஆபத்தில் இருப்பவரைப் பிரித்தெடுத்தாக வேண்டும்.

தமிழ்நாடு 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதற்கு எடுத்துக்கொண்ட கருவிகளைப் பாருங்கள்: எடை மெஷின், உயரம் பார்க்கும் அளவுகோல், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் சென்னைத் தொற்றுநோயியல் நிறுவனம் கூடவே நின்றது. உயரத்துக்கு எடை போதுமா என்று காட்டும் உடல் நிறை குறியீடு 14 அல்லது அதற்குக் கீழே, அல்லது 16-க்குள் இருந்து காலில் வீக்கம். மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல். ஆக்சிஜன் 94-க்குக் கீழே. பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாமை. இவற்றில் எது இருந்தாலும் அவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க ஏற்பாடு செய்கிறார்கள். குறியீடு 14 என்றால் 160 செ.மீ. உயரம் உள்ளவர் 36 கிலோ. 2025-இல் இதோடு ஒரு கணிப்பு முறையையும் இணைத்தார்கள். கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு இறக்கும் வாய்ப்பு 10 முதல் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 1 முதல் 4 சதவீதம் என்று அது காட்டுகிறது. ஊழியர் திரையில் 45 சதவீதம் என்று பார்த்தால் நாளைக்கு என்று தள்ளிப்போட மாட்டார்.

எனக்கு இந்தத் திட்டத்தின் மேல் தனி மதிப்பு உண்டு. லட்சக்கணக்கில் விலை போகும் இயந்திரங்களை ஒப்பிட்டுக்கொண்டே வந்து, உயிரைக் காப்பதில் ஒரு எடை மெஷின் அவற்றுக்குச் சமமாக நிற்பதைப் பார்க்கிறேன்.

மருந்தும் சோறும்

கடைசியாக ஒரு ஒப்பீடு, இது டெஸ்டைப் பற்றியது அல்ல. 1950-களின் பிற்பகுதியில் சென்னையில் 193 நோயாளிகளைச் சீட்டுப் போட்டதுபோல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை, காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையான சானடோரியத்திலும் மறுபாதியை அவர்கள் வீட்டிலும் வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். ஒரு வருட முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டுச் சாப்பாடு சுமார்தான், இருந்தும் மருந்து வேலை செய்தது. சானடோரியம் காலத்தை உலகமெங்கும் முடித்து வைத்த ஆய்வு அது. தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையத்தின் பெயரில் அந்தக் காலம் இன்னும் மிச்சமிருக்கிறது.

ஆனால் ‘மருந்து இருந்தால் போதும், சாப்பாடு முக்கியமில்லை’ என்று அதைப் படித்தவர்கள் உண்டு. 2023-இல் ஜார்கண்டிலிருந்து வந்த ரேஷன்ஸ் ஆய்வு அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. 2,800 நோயாளிகள், அவர்கள் குடும்பத்தில் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள். ஒரு பிரிவில் மட்டும் வீட்டில் உள்ளவர்களுக்கும் அரிசியும் பருப்பும். அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது, தொற்றக்கூடிய நுரையீரல் டிபி 48 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை 5 சதவீதம் கூடிய நோயாளிகளுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது.

சரி, உங்கள் வீட்டில் ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால்? மார்பு எக்ஸ்ரேயையும், சிபிநாட் அல்லது ட்ரூநாட்டையும் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். மைக்ராஸ்கோப் டெஸ்ட் மட்டும் எடுத்து நெகட்டிவ் என்றால், அடுத்தது எப்போது என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். சளி கொடுக்கும்போது எச்சில் துப்பாதீர்கள். காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, இரண்டு மூன்று முறை மூச்சை நன்றாக இழுத்து, ஆழத்திலிருந்து இருமி, திறந்த வெளியில் நின்று எடுங்கள். இருமி எடுக்கத் தெரியாத சின்னக் குழந்தை என்றால் மலத்திலேயே சிபிநாட் டெஸ்ட் செய்யும் வழி உண்டு, குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.