இருவழி மீட்டர் வரும்வரை சோலாரை ஓடவிடாதீர்கள்

சோலார் வைத்தோம், மின்கட்டணம் ஏறியது. எழுத்துப்பிழை இல்லை, ஏறியதுதான்.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு. மாடியில் மனைவி வற்றல் காயவைக்கும் இடத்தைப் பறித்துக்கொண்டு மூன்று கிலோவாட் பேனல் உட்கார்ந்தது. விற்க வந்தவர் பேச்சில் கெட்டிக்காரர். "மிக்ஜாம் புயலில் எத்தனை நாள் இருட்டில் கிடந்தீர்கள் சார்? இனி தெருவே இருண்டாலும் உங்கள் வீட்டில் ஃபேன் சுற்றும்" என்றார். அது முதல் பொய். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைக்கும் இன்வெர்ட்டர், லைனில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். லைனைப் பழுதுபார்ப்பவர் மேல் நம் மாடி மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை. மறைத்து விற்றாரே, அதுதான்.

பேனலைத் தாங்கும் சட்டத்துக்குத் துத்தநாக முலாம் பூசிய இரும்பு என்று பேச்சு. வந்தது பெயிண்ட் அடித்த சாதா இரும்பு. நம் பக்கத்துக் கடற்காற்று அதை மூன்றே மாதத்தில் காட்டிக்கொடுத்தது.

இதையெல்லாம் விடுங்கள். மீட்டர் கதைக்கு வருகிறேன்.

வேலை முடிந்த அன்றே விற்றவர் சோலார் பிரேக்கரை ஏற்றி ஓடவிட்டார். "இருவழி மீட்டர் இன்னும் வரவில்லையே?" என்றேன். "வரும்போது வரட்டும், வெயிலை எதற்கு வீணாக்க வேண்டும்? மிச்ச மின்சாரம் வெளியே போகும்போது பழைய மீட்டர் பின்னோக்கி ஓடும்" என்றார். தகடு சுற்றிய காலத்து மீட்டரை நினைத்துக்கொண்டு நானும் தலையாட்டினேன்.

இரண்டு மாதக் கணக்கில் வழக்கமாக 480 யூனிட்டைத் தொடும் வீடு எங்களுடையது. இம்முறை 640. ஐநூறைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும்.

என் மச்சான் வயரிங் வேலை செய்பவர். ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் வந்து வீட்டில் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தார். ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கினார். வீட்டில் ஒரு குண்டூசி மின்சாரம் ஓடவில்லை. ஆனால் மீட்டரின் சிவப்பு விளக்கு படபடவென்று சிமிட்டிக்கொண்டிருந்தது. "இப்போது பாருங்கள் மாமா" என்று சோலார் பிரேக்கரை இறக்கினார். சிமிட்டல் நின்றது. ஏற்றினார், மறுபடி படபட. மாடியிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு யூனிட்டையும் நாங்கள் வாங்கியதாகவே அந்த மீட்டர் எழுதிக்கொண்டிருந்தது! இப்படிப்பட்ட எலக்ட்ரானிக் மீட்டருக்கு எந்தத் திசையில் ஓடினாலும் கூட்டத்தான் தெரியும். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் தனித்தனியாகக் காட்ட இருவழி மீட்டர்தான் வேண்டும்.

மூன்று கிலோவாட்டுக்கு வெயில் நாளில் 12 யூனிட் கிடைக்கும். பகலில் நாங்கள் செலவழிப்பது நான்கு. மிச்சம் எட்டு யூனிட்டைத் தினமும் தானமாகக் கொடுத்து, அதற்குக் காசும் கட்டியிருக்கிறேன். நாற்பது நாள்.

"மீட்டருக்கு விண்ணப்பித்துவிட்டேன் சார்" என்று வாரம் தவறாமல் சொன்னார் சோலார் விற்றவர். பிரதமரின் சூரிய வீடு திட்டத் தளத்தில் என் கணக்கைத் திறந்து பார்த்தால், பேனல் பொருத்திய விவரமே ஏற்றப்படவில்லை. அது ஏறாமல் ஆய்வு இல்லை, மீட்டர் இல்லை. என் வங்கிக் கணக்குக்கு வரவேண்டிய 78,000 ரூபாய் மானியமும் இல்லை. அந்த மானியத்துக்கு உள்நாட்டில் தயாரான சோலார் செல் உள்ள பேனல் கட்டாயம். எங்கள் பேனலின் சான்றிதழைக் கேட்டேன். இன்னும் கைக்கு வரவில்லை.

சோலார் வைக்கப்போகிறவர்கள் கடைசித் தவணையை இருவழி மீட்டர் பொருத்தி முடியும்வரை கையில் வைத்திருங்கள். நான் முழுப்பணத்தையும் முதல் வாரமே கொடுத்துவிட்டேன். ஏற்கெனவே பொருத்தி, மீட்டருக்குக் காத்திருப்பவர்கள் இன்றே பிரேக்கரை இறக்கிவையுங்கள்.

எங்கள் பிரேக்கர் மேல் "தொடாதே" என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. நேற்று விற்றவரிடமிருந்து குறுஞ்செய்தி: "ஏன் சார் அணைத்து வைத்திருக்கிறீர்கள்? நல்ல வெயில் போகிறதே."