ஐ.டி.ஐ., டிப்ளமோ, பி.இ.: சம்பளம் எந்தப் படியில் தாவுகிறது?

நாகர்கோவிலின் கோணம் பகுதியில் அரசு ஐ.டி.ஐ., அரசு பாலிடெக்னிக், அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் உறுப்புக் கல்லூரி ஆகிய மூன்றும் இருந்தும், பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையுள்ள வீடுகளில் பேச்சு பெரும்பாலும் மூன்றாவதைப் பற்றியே நடக்கிறது. கல்யாணப் பேச்சில் ‘இன்ஜினீயர் மாப்பிள்ளை’க்கு இருக்கும் மதிப்பும் இதற்கு ஒரு காரணம்தான்.

சம்பளத்தை வைத்துப் பார்த்தால் கணக்கு வேறாக வருகிறது. மாவட்ட எல்லையைத் தாண்டியதும் வரும் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்தையே எடுத்துக்கொள்வோம். ஏழாவது ஊதியக் குழுவின்படி, ஐ.டி.ஐ. முடித்தவர் சேரும் ‘டெக்னீஷியன் பி’ பணிக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய்; முதல் வகுப்பில் டிப்ளமோ தேறியவருக்கான ‘டெக்னிக்கல் அசிஸ்டென்ட்’ பணிக்கு 44,900; பி.இ. முடித்தவர் சேரும் ‘சயின்டிஸ்ட் இன்ஜினீயர்’ பணிக்கு 56,100. ஐ.டி.ஐ.யிலிருந்து டிப்ளமோவுக்கு ஏறினால் 23,200 ரூபாய் கூடுகிறது, அங்கிருந்து பி.இ.க்கு ஏறினால் கூடுவது 11,200 மட்டுமே. டிப்ளமோ இல்லாமல் பி.இ. மட்டும் வைத்திருப்பவர், தம் படிப்பு உயர்ந்தது என்பதற்காக நடுப்படிப் பணிக்கு விண்ணப்பித்துவிடவும் முடியாது.

பிளஸ் டூ வழியாகப் பி.இ. முடிக்கப் பத்தாம் வகுப்புக்குப் பின் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மூன்றாண்டு டிப்ளமோ முடித்து, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்தாலும் அதே ஆறு ஆண்டுகள்தான். ஆனால் பாதி வழியிலேயே வேலைக்குப் போகத்தக்க ஒரு சான்றிதழ் கையில் இருக்கும், குடும்பச் சூழல் இடித்தால் அங்கேயே நின்றுகொள்ளவும் செய்யலாம். ஆகவே என் ஓட்டு பாலிடெக்னிக்குக்கே. மருத்துவக் கனவு உள்ளவருக்கு இது ஆகாது, பி.இ. கணிதத்தில் நேரடிச் சேர்க்கை மாணவர்கள் திணறுவதும் உண்மை.

வளைகுடா வேலை என்று வரும்போது இந்த வரிசை குலைகிறது. பைப் வெல்டருக்கு வைக்கும் ‘6 ஜி’ சோதனையில், குழாயை 45 டிகிரிச் சாய்வில் அசையாமல் பொருத்திவிடுவார்கள். வெல்டர்தான் அதைச் சுற்றிக் குனிந்தும் நிமிர்ந்தும் பற்றவைக்க வேண்டும். பிறகு இணைப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அங்கே பட்டம் பேசாது, கைதான் பேசும். இருந்தாலும், எட்டாம் வகுப்போடு ஓராண்டு வெல்டர் பிரிவில் சேர நினைப்பவர் எப்பாடுபட்டாவது பத்தாம் வகுப்பைத் தேறிக்கொள்வது நல்லது. அந்தத் தேர்ச்சி இல்லாதவரின் பாஸ்போர்ட் பொதுவாக ‘ஈ.சி.ஆர்.’ (குடிபெயர்வுச் சோதனை தேவை) வகையில் வருவதால், சவூதி, குவைத், கத்தார் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் புறப்படுமுன் குடிபெயர்வு அனுமதியும் தனியே வாங்க வேண்டியிருக்கும்.