டிகி மக்: அச்சில் வார்ப்பதா, தகட்டில் கட்டுவதா?

பாலினேசியச் சிலை முகம்போல் வடித்த பீங்கான் கோப்பைதான் டிகி மக். ஒரே முகத்தில் பத்து மக் வேண்டுமென்றால் பிளாஸ்டர் அச்சுதான். களிமண் கூழை ஊற்றி 15 நிமிடம் விட்டால் சுமார் 4 மி.மீ. சுவர் கட்டும், மிச்சத்தைக் கவிழ்த்துவிடலாம். அச்சு முந்தைய வார்ப்பின் ஈரத்தோடு இருந்தால் நீரை உறிஞ்சாது. சுவர் மெலிந்து, எடுக்கும்போதே சரியும். துருத்திய மூக்கும் குடைந்த வாயும் அச்சில் மாட்டிக்கொள்ளும் என்பதால் குறைந்தது இரண்டு துண்டு அச்சு தேவை.

ஆழமாகச் செதுக்க ஆசையா? அப்போது களிமண் தகடுதான். 6 மி.மீ. கனத்தில் உருட்டி, காகிதம் சுற்றிய குழாய்மேல் வளைத்து, விளிம்புகளைக் கீறிக் கூழ் தடவி ஒட்டுங்கள். சுருங்குவதற்குள் குழாயை உருவிவிட வேண்டும். ஒட்டும் துண்டுகளின் ஈரம் வேறுபட்டால் இணைப்பு விரியும்.

மக்குக்குப் பதில் டைல் செய்வதானால் தகடே போதும், அச்சு வீண்வேலை. 10 மி.மீ. கனம் வைத்து, பலகைகளுக்கிடையில் மெதுவாக உலர்த்துங்கள். அவசரப்பட்டால் மூலைகள் தூக்கிக்கொள்ளும்.