வீட்டு ஒபீசுக்கு எந்த நெட்வேர்க் ஸ்விட்ச்? கிகாபிட், 2.5, 10 மூண்டையும் வச்சுப் பாத்த கணக்கு

ஸ்விட்ச் (வீட்டுக்குள்ள கொம்பியூட்டர், பிரிண்டர் எல்லாத்தையும் கேபிளால சேக்கிற பெட்டி) ஒண்டு வாங்கப் போனன், பெட்டியில பெரிய எழுத்தில "ஃபாஸ்ட் ஈதர்நெட்" எண்டு போட்டிருந்திச்சு. ஃபாஸ்ட் எண்டா வேகம்தானே எண்டு நம்பி வாங்கி, கல்லடியில வீட்டுப் பின்னறையில பூட்டி, ஒரு கலியாண வீட்டு வீடியோவ கொம்பியூட்டர்ல இருந்து நாஸ் பெட்டிக்கு (நெட்வேர்க்கில பூட்டுற டிஸ்க் பெட்டி) கொப்பி பண்ணப் போட்டுட்டு நிம்மதியாப் படுத்திட்டன். விடிய எழும்பிப் பாத்தா இன்னும் ஓடிக்கொண்டு இரிக்கி. பிறகுதான் தேடிப் படிச்சன், ஃபாஸ்ட் ஈதர்நெட் எண்டது 1995ல வச்ச பேர், அப்ப இருந்த 10 எம்பிபிஎஸ்ஸுக்கு, அதாவது செக்கனுக்கு 10 மெகாபிட்டுக்குப் பக்கத்தில 100 எண்டா ஃபாஸ்ட்தான், இப்ப கடையில இருக்கிறதுக்குள்ள ஆக மெதுவானது அதுதான், ஆனா பேர ஒருத்தரும் மாத்தல்ல. கடைக்காரரக் குறை சொல்ல ஏலா, நான் கேட்டதே "ஃபாஸ்டா ஒண்டு தாங்க" எண்டுதான்.

கணக்கச் சொல்றன். எங்கட கமரா 4கேல செக்கனுக்கு 100 மெகாபிட் எழுதுது, அது மணித்தியாலத்துக்கு 45 ஜிபி. ரெண்டு கமரா, அஞ்சு மணித்தியாலம் எண்டா 450 ஜிபி. எட்டு பிட் ஒரு பைட் எண்டபடியா 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச்ல செக்கனுக்கு 11 மெகாபைட் சொச்சம்தான் போகும், அப்ப 450 ஜிபிக்கு பதினொரு மணித்தியாலம். கிகாபிட்ல (1000 எம்பிபிஎஸ்) 110 மெகாபைட் சொச்சம், ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும். 2.5 கிகாபிட்ல 280 கிட்ட வரும், அரை மணித்தியாலத்துக்குள்ள முடிஞ்சிரும். 10 கிகாபிட்ல ரெண்டு பக்கமும் டிஸ்க் ஈடு குடுத்தா எட்டு நிமிசம் கூட எடுக்காது. அந்த "ஈடு குடுத்தா"லதான் எல்லாம் கிடக்கு, அதுக்குப் பிறகு வாறன்.

இத எழுதக் காரணம் கல்முனையில இரிக்கிற மச்சான். அவர் வீட்டில இருந்தே வெளிநாட்டுக் கொம்பனி ஒண்டுக்குக் கணக்கு வேல பாக்கிறவர், கோல் எடுத்து "மச்சான், நீ 2.5 வாங்கப் போறியாமே, எனக்கும் ஒண்டு சொல்லிவிடு, சூம்ல முகம் உறையுது" எண்டார். நான் கேட்டன், "உங்கட ஃபைபர் இன்டர்நெட் எத்தின எம்பிபிஎஸ்?" "100." "அப்ப 10 கிகாபிட் வாங்கினாலும் அந்த 100தான் மச்சான், குழாய் ஒடுக்கமா இரிக்கக்குள்ள தாங்கிய மட்டும் பெருசாக்கி என்ன?" ஸ்விட்ச் எண்டது வீட்டுக்குள்ள சாமானுக்குச் சாமான் பேசுற பாதை, கொம்பியூட்டர்ல இருந்து நாஸுக்குப் போறது ரவுட்டருக்குப் போகாம ஸ்விட்சிலயே திரும்பிரும், இன்டர்நெட்டுக்கும் அதுக்கும் ஒட்டு உறவு கிடையாது. அவருக்கு முகம் உறையிறது வைஃபையால, மேசைக்கு ஒரு கேபிள் இழுத்தாலே போதும். (இழுத்தார். உறையிறது நிண்டிட்டு.)

சரி, இப்ப ஆள் ஆளாப் பாப்பம்.

முதல்ல சாதாரண கிகாபிட். டிபி-லிங்க் எஸ்ஜி105, எஸ்ஜி108, நெட்கியர் ஜிஎஸ்108 மாதிரியானது. இரும்புக் கூடு, ஃபேன் இல்ல, சத்தம் இல்ல, பூட்டினா மறந்திரலாம். பெட்டியில "16 ஜிபிபிஎஸ் ஸ்விட்சிங் கப்பாசிட்டி" எண்டு போட்டிருப்பாங்க, மயங்காதீங்க, எட்டு போர்ட், போக ஒரு கிகாபிட் வர ஒரு கிகாபிட், பெருக்கினா 16, அவ்வளவுதான் விசயம். ஒபீஸ் ஃபைல், பிரிண்டர், வீடியோ கோல், பிள்ளைகளின்ட ஒன்லைன் கிளாஸ், இதுக்கு மேல ஒண்டும் வேணாம். ரெண்டு கேபிள் போட்டு ரெண்டு கிகாபிட்டாக்கலாமா எண்டு சிலர் கேக்கிற. அதுக்கு வழமையா மனேஜ்ட் ஸ்விட்ச் (செட்டிங் மாத்தக்கூடியது) வேணும், போட்டாலும் பெரும்பாலும் ஒரு ஃபைல் ஒரு கேபிளாலதான் போகும், ரெண்டு பேர் ஒரே நேரத்தில இழுத்தாத்தான் பலன் தெரியும்.

மறுகா 2.5. இது 2016ல வந்த தரம், இதின்ட அருமை என்னெண்டா பழைய கட்5இ வகை நெட்வேர்க் கேபிளிலயே 100 மீட்டர் வரைக்கும் ஓடும், சுவருக்குள்ள போட்ட வயரக் கிழிக்கத் தேவையில்ல. டிபி-லிங்க் எஸ்ஜி105-எம்2 அஞ்சு போர்ட், எஸ்ஜி108-எம்2 எட்டு போர்ட், கியூநாப் கியூஎஸ்டபிள்யூ-1105-5டி அஞ்சு போர்ட், டி-லிங்க் டிஎம்எஸ்-105 அஞ்சு போர்ட். வேலையில ஒண்டுக்கொண்டு பெரிய வித்தியாசம் இல்ல, எல்லாம் ஃபேன் இல்லாதது, கொழும்பில எது கையிருப்பில இரிக்கோ அதை எடுங்க. புதுசா வாற மதர்போர்ட் கனக்கத்தில 2.5 போர்ட் இரிக்கி, இல்லாட்டி யூஎஸ்பி அடாப்டர் ஒண்டு போட்டா லெப்டொப்பும் வந்திரும். நாஸிலயும் 2.5 இரிக்கோணும், அங்க 1 எண்டா நடுவில 2.5 வச்சு என்ன பிரயோசனம்.

இந்த இடத்திலதான் டிஸ்க் கதை. என்ட நாஸில இரிக்கிறது சுத்துற ஹார்ட் டிஸ்க், அது செக்கனுக்கு 200 மெகாபைட் கிட்டதான் தரும், அதுவும் நிரம்ப நிரம்பக் குறையும். அப்ப கிகாபிட்ல வயர் பத்தாது, 2.5ல டிஸ்க் பத்தாது, ஆனா அந்த வித்தியாசம் தாங்கக்கூடியது, ஒரு மணித்தியாலத்துக்கு மேல இருந்தது நாப்பது நிமிசத்துக்குள்ள வந்திரும். 10 போட்டாலும் அதே நாப்பது நிமிசம்தான். சுத்தாத சிப் டிஸ்க்ல சாட்டா எஸ்எஸ்டி எண்டா 500 சொச்சம் வரும், அதவிட வேகமான என்விஎம்ஈ எஸ்எஸ்டி எண்டா ஆயிரத்தயும் தாண்டும், அந்த நேரம்தான் 10க்கு வேலை இரிக்கி. ஸ்விட்ச் தேடி நாள் கணக்கா அலைஞ்ச எனக்கு இது கடைசியில்தான் உறைச்ச: முதல்ல டிஸ்கின்ட வேகத்தப் பாருங்க, ஸ்விட்ச் அதுக்குப் பின்னால வாற ஆள்.

10 பக்கம் வந்தா கூட்டம் கூடிரும். ஆக நல்ல பேர் எடுத்தது மைக்ரோடிக் சிஆர்எஸ்305. உள்ளங்கையளவு, நாலு எஸ்எஃப்பி+ ஓட்டை (மொடியூல் குத்துற 10 கிகாபிட் போர்ட்), ஒரு கிகாபிட் போர்ட், ஃபேன் இல்ல, கரண்ட் குடுக்க ரெண்டு ஓட்டை, 12ல இருந்து 57 வோல்ட் வரைக்கும் வாங்கும். லட்வியாக் கொம்பனி, மென்பொருள் ஒரு கடல், தெரிஞ்சவனுக்கு சொர்க்கம், தெரியாதவன் கையில பட்டா எங்க போனேன் எண்டே தெரியாது. ஒரு பொறி இரிக்கி, எஸ்எஃப்பி+ ஓட்டையில சாதாரண கேபிள் குத்துற மொடியூல் போட்டா அது கொதிக்கும், பக்கத்தில பக்கத்தில போடாதீங்க, இடையில ஒண்டு விட்டுப் போடுங்க எண்டு கொம்பனியே சொல்லுது, அப்ப நாலு ஓட்டையில ரெண்டுதான் செம்புக் கேபிளுக்கு. டாக் கேபிள் எண்டு ரெண்டு முனையிலயும் மொடியூலோடயே வாற கட்டைக் கேபிள் இரிக்கி, அது சூடாகாது, விலையும் குறைவு, ஆனா ஒரு அறைக்குள்ளதான். சித்திரையில மட்டக்களப்புப் பின்னறையில ஏசி இல்லாம இருந்து பாத்தவனுக்கு இந்தச் சூட்டுக் கதை விளங்கும்.

நடுவில ஒரு ஆள், சைக்செல் எக்ஸ்ஜிஎஸ்1010-12. எட்டு கிகாபிட், ரெண்டு 2.5, ரெண்டு எஸ்எஃப்பி+. வீட்டில எல்லாத்துக்கும் வேகம் தேவையில்ல, டிவிக்கும் பிரிண்டருக்கும் என்னத்துக்கு 2.5? எடிட் பண்ற கொம்பியூட்டரையும் நாஸையும் மட்டும் எஸ்எஃப்பி+ல குடுத்திட்டு மிச்சத்த கிகாபிட்ல விடலாம். யோசிச்சுச் செஞ்ச சாமான். எஸ்எஸ்டி நாஸ் வச்சிருக்கிற ஆளுக்கு நான் சொல்றது இதைத்தான்.

பேரில்லாத சீனப் பெட்டிகளும் வருது, நாலோ எட்டோ 2.5, ரெண்டு எஸ்எஃப்பி+, விலையப் பாத்தா ஆசை வரும். உள்ளுக்க இரிக்கிறது கனக்க ரியல்டெக் சிப்தான், சிப்பில குறையில்ல. எனக்குப் பயம் கூட வாற அடாப்டர். எங்கட கரண்ட் ஏறி இறங்கிற விதத்துக்கு அந்த மெல்லிசு அடாப்டர நம்பி நாஸோட கட்டிவைக்க மனம் வரல்ல. வாங்கினா அடாப்டர மட்டும் நல்லதா மாத்திப் போடுங்க.

கொழும்பு ஒபீசுகள்ள இருந்து கழிச்சு விடுற பழைய 24 போர்ட் பெரிய ஸ்விட்ச்? வேணாம். ஒருக்கா கொண்டுவந்து ஓன் பண்ணினன், ஃபேன் சத்தம் சம்மாந்துறை அரிசி ஆலைய வீட்டுக்குள்ள கொண்டுவந்த மாதிரி, மாமி எழும்பி வந்து "என்ன மகன் ஏதும் எரியுதா" எண்டா.

இன்னொரு வழி இரிக்கி, ஆக்கள் மறக்கிறது: ஸ்விட்சே இல்லாம. கொம்பியூட்டர்ல ஒரு பழைய இன்டெல் எக்ஸ்520 மாதிரி எஸ்எஃப்பி+ கார்ட், நாஸில ஒண்டு, நடுவில ஒரு டாக் கேபிள், ரெண்டு பக்கமும் வீட்டு நெட்வேர்க்கில இல்லாத வேற ஐபி விலாசம் கையால குடுத்தா 10 கிகாபிட் ஓடுது. இன்டர்நெட்டுக்குப் பழைய கிகாபிட் ஸ்விட்ச் அப்பிடியே கிடக்கட்டும். ஒரு ஆள் மட்டும் எடிட் பண்ற வீடெண்டா இதவிட மலிவான 10 கிடையாது. எனக்குச் சரிவரல்ல, தங்கச்சிட மகனும் பக்கத்து மேசையில இருந்து அதே நாஸில வேலை செய்யிறான்.

இனி ஊர்க் கதை. 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போன காலத்தில எல்லாரும் ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் வாங்கினமே, அது இன்னும் வீடு வீடா இரிக்கி. ஸ்விட்ச் வாங்கக்குள்ள அடாப்டர்ல எத்தின வோல்ட் எண்டு பாருங்க, 5, 9, 12 எண்டு ஒவ்வொண்டு ஒவ்வொரு மாதிரி, மினி யூபிஎஸ்ல அதே வோல்ட் இருந்தா ஸ்விட்சும் அதிலயே ஓடும், அம்பியர் காணுமா எண்டும் பாத்துக்கொள்ளுங்க. மைக்ரோடிக்குக்கு ஆகக் குறைஞ்சதே 12 எண்டபடியா மினி யூபிஎஸ்ல விளிம்பில நிக்கும், நான் நம்பமாட்டன்.

அதவிடப் பெரிசு இடி. ஐப்பசி கார்த்திகையில பின்னேரம் வாவிப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தா எங்கட வீட்டில முதல்ல பிளக்கக் கழட்டுறதுதான். போன வருசம் பிளக்கக் கழட்டிட்டுத்தான் இருந்தன், ஆனா வாசல்ல வெளியில இரிக்கிற கமராட கேபிள் ஸ்விட்சிலயே குத்திக் கிடந்த, அதால வந்து மூணு போர்ட் போச்சு, கொம்பியூட்டர்ட லான் போர்ட்டும் அதோட. ஃபைபர் கண்ணாடி, அதால மின்னல் வராது எண்டு தெம்பா இருந்தன், செம்புக் கேபிள மறந்திட்டன். அதுக்குப் பிறகு வெளிக் கமரா எல்லாம் தனி மலிவு ஸ்விட்சில, அதுக்கும் வீட்டுக்குள்ள இருக்கிறதுக்கும் நடுவில ரெண்டு மீடியா கன்வர்ட்டர் (செம்புக் கேபிள ஃபைபராக்கிற சின்னப் பெட்டி) வச்சு ஒரு துண்டு ஃபைபர். எந்த ஸ்விட்ச் வாங்கினாலும் இத ஒருக்கா யோசிங்க. டாக் கேபிள் இதுக்கு உதவாது, அதுவும் செம்புதான்.

கேபிளப் பத்தியும் ஒரு வார்த்தை. கட்6 எண்டு வெளியில அடிச்சு வாற கேபிள் சிலது உள்ளுக்க அலுமினியத்துக்குச் செம்பு பூசினது, நகத்தால சுரண்டினா வெள்ளையாத் தெரியும். மச்சானுக்கு ஒரு கடையில அப்பிடித்தான் குடுத்திருக்கு. நாலு சோடி வயரும் சரியா இருந்தாத்தான் கிகாபிட், ஒரு சோடி முறிஞ்சா சத்தமில்லாம 100க்கு இறங்கிரும், நீங்க ஸ்விட்சத் திட்டிக்கொண்டு இரிப்பீங்க. விண்டோஸ்ல நெட்வேர்க் ஸ்டேட்டஸ்ல ஸ்பீட் எண்ட இடத்தப் பாத்தா உண்மை தெரியும். 10 ஓட நினைக்கிறவங்க தூரம் எண்டா கட்6ஏ போடுங்க, வெறும் கட்6ல ஆகக் கூடினது 55 மீட்டர்தான்.

கடைசியில நான் எடுத்தது எஸ்ஜி108-எம்2. கொழும்பில பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் போன கூட்டாளி ஒருத்தன் வாங்கி ராத்திரி பஸ்ஸில கொண்டுவந்து தந்தான். ஹார்ட் டிஸ்க் நாஸ் இருக்கும் வரைக்கும் எனக்கு இதுக்கு மேல தேவையில்ல, இடி அடிச்சுப் போனாலும் மைக்ரோடிக் போன மாதிரி நெஞ்சு வலிக்காது. நாஸ எஸ்எஸ்டிக்கு மாத்துற அண்டைக்கு சைக்செல் பக்கம் போவன். மச்சான எஸ்ஜி105 எடுக்கச் சொன்னன், மிச்சக் காசுக்கு நல்ல செம்புக் கேபிளும் மினி யூபிஎஸ்ஸும். அவருக்குக் கொஞ்சம் மனக்குறை, "உனக்கு மட்டும் 2.5, எனக்கு ஒண்டா" எண்டார்.

அந்த "ஃபாஸ்ட்" ஸ்விட்சத் தூக்கி எறியல்ல. இப்ப வாசல்க் கமராக்கள் அதிலதான் ஓடுது, கமராவுக்கு 100 தாராளம். அடுத்த இடிக்கு முதல்ல நிக்கப் போறதும் அதுதான்.