வான்கூவர் கடலில் சால்மனும் அடிமீனும்: எந்தக் கருவிக்குக் காசு தகும்?

சால்மன் பிடிப்பவன் ஆழத்தையும் வேகத்தையும் கைக்குள் வைத்திருக்க வேண்டும். அடிமீன் பிடிப்பவனுக்கு ஈயம் தரையைத் தொட்டது விரலில் தெரிய வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கரையில் பல ஆண்டுகள் தூண்டில் போட்டு, வாங்கியும் விற்றும் பார்த்த பிறகு, ஒரு கருவியை எடைபோட நான் வைத்திருக்கும் அளவுகோல் இவ்வளவுதான். இந்த இரண்டில் ஒன்றுக்கும் உதவாத பொருள் எவ்வளவு மினுக்கினாலும் என் படகில் ஏறாது.

இங்கே கடலில் ஐந்து வகை சால்மன் உண்டு: சினூக், கோஹோ, சாக்கை, பிங்க், சம். பெரும்பாலோர் தேடிப் போவது சினூக்கை. உள்ளூர்க்காரர்கள் அதை ஸ்பிரிங் என்பார்கள். 30 பவுண்டை எட்டிவிட்டால் டையி. கேம்பல் ரிவர் ஊரில் 1924 முதல் ஒரு டையி கிளப் இருக்கிறது. துடுப்புப் படகில் உட்கார்ந்து, செயற்கை இரை போட்டு, அந்த எடைக்கு ஒரு மீனைப் பிடித்தால்தான் உறுப்பினராக முடியும். அந்தத் தவம் எனக்கு வாய்க்கவில்லை. மோட்டார் படகும் டவுன்ரிக்கரும் போதும் என்று இருக்கிறேன்.

டவுன்ரிக்கர் தெரியாதவர்களுக்கு: படகின் ஓரத்தில் ஒரு சிறு கப்பி, அதில் கனத்த கயிறு, கயிற்றின் முனையில் 10 முதல் 15 பவுண்டு ஈயக்குண்டு. தூண்டில் நரம்பை ஒரு கிளிப்பில் மாட்டி அந்தக் குண்டோடு சேர்த்து இறக்குகிறோம். 120 அடி கயிறு விட்டால் ஏறத்தாழ அந்த ஆழத்தில் இரை நிற்கும். மீன் கடித்ததும் நரம்பு கிளிப்பிலிருந்து விடுபட, வளைந்து நின்ற கோல் விசுக்கென்று நிமிரும். பிறகு குண்டின் பாரம் இல்லாமல் மீனோடு மட்டும் மல்லுக்கட்டலாம்.

கையால் சுற்றுவதா, மின்சாரத்தில் ஓடுவதா என்று என்னிடம் கேட்டால் மின்சாரம்தான். சோம்பலுக்காகச் சொல்லவில்லை. 15 பவுண்டு குண்டைக் கையால் 150 அடியிலிருந்து நாலு தடவை ஏற்றி இறக்கியவன், ஐந்தாவது தடவை இரையில் கடற்பாசி சிக்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலும் பார்க்க மாட்டான். பாசி சிக்கிய இரையோடு ஒரு மணி நேரம் கடலைச் சுற்றுவது எரிபொருளுக்குக் கேடு. வான்கூவர் தீவிலுள்ள சிட்னி என்ற ஊரில் தயாராகும் ஸ்காட்டி டவுன்ரிக்கர்தான் இந்தக் கரையில் அதிகம் கண்ணில் படும். உதிரிப் பாகம் எந்த மீன்பிடிக் கடையிலும் கிடைக்கும் என்பதே அதை வாங்கப் போதுமான காரணம். கயிறாக எஃகுக் கம்பியைவிடப் பின்னல் நரம்பு எனக்குப் பிடித்திருக்கிறது. கம்பி நீரில் ரீங்காரம் இடும். உப்பு ஏறி இழை தெறித்தால் விரலைக் கிழிக்கும். பின்னல் நரம்பில் குண்டுக்கு மேலே உள்ள சில அடிகள்தான் முதலில் நைந்துபோகும். அந்தப் பகுதியை அவ்வப்போது வெட்டிவிட்டுப் புதிதாக முடிச்சுப் போட வேண்டும், அவ்வளவே.

டவுன்ரிக்கரின் எண்காட்டியை மட்டும் நம்பக் கூடாது. அது காட்டுவது வெளியே போன கயிற்றின் நீளத்தை, ஆழத்தை அல்ல. படகு நகரும்போது கயிறு பின்னோக்கிச் சாயும், குண்டு மேலேறும். ஜி.பி.எஸ். காட்டும் வேகத்துக்கும் இதே கதைதான். நீரோட்டத்தோடு போகும்போது 3 நாட் என்று திரையில் வந்தாலும், இரை தண்ணீரில் பாதி வேகத்தில்கூட அசையாமல் இருக்கலாம். நான் கயிற்றின் சாய்வைத்தான் பார்ப்பேன். மீன் கடித்தபோது கயிறு எவ்வளவு சாய்ந்திருந்ததோ, படகு திரும்பி எதிர்நீரோட்டத்தில் போகும்போதும் அதே சாய்வு வரும்படி வேகத்தைக் கூட்டிக் குறைப்பேன். இதற்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டாம்.

அடுத்தது ஃபிளாஷர். 11 அங்குல நீள பிளாஸ்டிக் தகடு. இழுபடும்போது வட்டமாகச் சுழன்று மின்னும். மினுமினுப்பு மீனை அழைக்கிறது என்பது பாதிதான். சுழலும் தகடு பின்னால் வரும் இரையை வெடுக்கு வெடுக்கென்று இழுத்து உயிர் கொடுக்கிறது. ஃபிளாஷருக்கும் இரைக்கும் இடையில் கட்டும் நரம்புக்கு லீடர் என்று பெயர். அதன் நீளத்தின் சூட்சுமமும் இங்கேதான். ஹூச்சி என்பது கணவாய்க் குஞ்சு போன்ற ரப்பர் குஞ்சம். அதற்குச் சொந்த ஆட்டம் கிடையாது. ஆகவே லீடர் ஏறத்தாழ மூன்று, மூன்றரை அடிக்குள், 40 பவுண்டுக்குக் குறையாத விறைப்பான நரம்பில் இருக்க வேண்டும். ஸ்பூன் என்ற உலோகத் தகட்டு இரை தானாகவே நெளியும். அதற்கு ஐந்தாறு அடி விட்டால்தான் அதன் நெளிவு கெடாது. ஹூச்சிக்கு ஆறு அடி விட்டால் அது செத்த துணிபோலப் பின்னால் வரும். நிறத்தைப் பற்றிக் கடையில் அரை மணி நேரம் பேசுவார்கள். ‘ஆர்மி டிரக்’, ‘காப் கார்’ என்று பெயர்களும் கவர்ச்சிதான். என் பெட்டியில் பச்சை, வெள்ளை, ஊதாவுக்கு மேல் இப்போது எதுவும் இல்லை. லீடர் நீளம் சரியாக இருந்தால் நிறம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நெத்திலி போடுபவர்கள் தனிச் சாதி. இங்கே இரைக்கு விற்கும் நெத்திலி நம் ஊர் நெத்திலியைவிட நன்றாகப் பெரியது. உறைந்த நிலையில் தட்டில் அடுக்கி விற்பார்கள். முதல் நாள் இரவே கல்லுப்பில் போட்டு வைத்தால் தசை இறுகும், செதிலும் உதிராது. காலையில் அதன் தலையைத் தெளிவான பிளாஸ்டிக் குப்பிக்குள் செருகி, குறுக்கே ஒரு பல்குச்சியைக் குத்தி நிறுத்தி, கம்பியால் உடலை லேசாக வளைக்க வேண்டும். படகோரத்தில் தண்ணீருக்குள் இழுத்துப் பார்த்தால் அது உருள்வது தெரியும். கோஹோவுக்கு இறுக்கமாக, வேகமாக உருள வேண்டும். சினூக்குக்கு நிதானமாக, சற்று அகன்று உருள வேண்டும். அரை அங்குல வளைவு மாறினால் உருளும் விதம் மாறிவிடும். பொறுமை இருந்தால் சினூக்குக்கு இதை மிஞ்சியது இல்லை. எனக்கு அதிகாலைக் குளிரில் விரல் மரத்த நிலையில் பல்குச்சியோடு போராட மனம் வருவதில்லை, ஸ்பூனுக்குப் போய்விடுவேன். முதல் மீனின் இரைப்பையைக் கீறி, உள்ளே என்ன நீளத்தில் ஹெரிங் என்ற சிறுமீன் இருக்கிறது என்று பார்த்து, அந்த நீளத்துக்கு ஸ்பூனை மாற்றுவது மட்டும் தவறாமல் செய்யும் வேலை.

ரீல் பற்றி இங்கே எப்போதும் வாக்குவாதம். இக்கரையின் மரபு, கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஒரு சுற்று மட்டுமே நரம்பை இழுக்கும் ஒற்றை வேக ரீல். மீன் ஓடும்போது கைப்பிடியும் எதிர்த் திசையில் சுழலும். விரலை எடுக்கத் தவறினால் முட்டி பெயர்ந்துவிடும். ‘நக்கிள் பஸ்டர்’ என்ற செல்லப்பெயர் சும்மா வரவில்லை. உள்ளங்கையால் விளிம்பை அழுத்தி மீனைத் தளர்த்தும்போது வரும் உணர்வுக்கு ஈடில்லை என்பது உண்மை. ஐலண்டர் ரீல்களைக் கடைந்தெடுத்திருக்கும் நேர்த்தியைப் பார்த்தாலே கை ஊறும். ஆனால் படகுக்கு வரும் புதியவர்களிடம் அதைக் கொடுக்க மாட்டேன். அவர்களுக்குப் பற்சக்கர வேகம் கூடிய, நரம்பைத் தானே சீராகப் பரப்பிச் சுற்றும் சாதாரண லெவல்வைண்ட் ரீல். மீன் படகை நோக்கித் திரும்பி ஓடிவரும்போது தொங்கும் நரம்பை வேகமாகச் சுருட்ட அதுவே வசதி. கோல் பத்தரை அடி, நடுத்தர வளைவு. இதில் ஆராய எதுவும் இல்லை.

சால்மனுக்கு முள்ளின் எதிர்க்கூர் இருக்கக் கூடாது என்பது சட்டம். குறடால் நசுக்கிவிட்டால் போதும், பழைய முள்ளே செல்லும். நரம்பைத் தொய்யவிடாமல் பிடித்தால் மீன் தப்பாது. குட்டிகளைப் படகில் ஏற்றாமலேயே கழற்றி விடலாம். வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள ஜார்ஜியா நீரிணையில் சினூக் 62 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விட்டாக வேண்டும் என்பதால் கழற்றும் வேலை அடிக்கடி வரும்.

2019 முதல், ஃபிரேசர் ஆற்றுச் சினூக்கைக் காப்பதற்காகத் தென்கரையின் பெரும்பகுதியில் வசந்தம் முழுவதும் சினூக்கை வீட்டுக்கு எடுத்துவரத் தடை. முணுமுணுப்பவர்கள் நிறைய உண்டு. எனக்குக் குறை இல்லை. அதே சினூக்கை நம்பித்தான் தென்பகுதி ஓர்க்காத் திமிங்கிலங்களும் வாழ்கின்றன. அந்தத் தடை வந்த பிறகுதான் அடிமீன் பக்கம் ஒழுங்காகத் திரும்பினேன்.

அடிமீன் என்றால் முக்கியமாக லிங்காட். பெரிய வாய், ஊசிப் பற்கள், கோபமான முகம். நம் பக்கத்து மீனவர்கள் ‘பார்’ என்று சொல்லும் அடிப்பாறைத் திட்டுகளில் குடியிருக்கும். குளிர்காலத்தில் பெட்டை முட்டையிட்டுப் போய்விட, ஆண் அங்கேயே நின்று முட்டையைக் காவல் காக்கும். அதனால் அந்த மாதங்களில் பிடிக்கத் தடை. இதற்கான கருவி மலிவு. ஏழடிக் கோல், 50 அல்லது 65 பவுண்டு பின்னல் நரம்பு, ஈயத்தலையில் செருகிய வெள்ளை ரப்பர் வால். ஒற்றை இழையான மோனோ நரம்பு 150 அடி ஆழத்தில் இழுபட்டு நீளும். ஈயம் தட்டியது கைக்கு வந்து சேராது. பின்னல் நரம்பு நீளாது, மெலிந்திருப்பதால் நீரோட்டமும் அதிகம் இழுக்காது. ஈயம் தரையில் ‘டொக்’ என்று இடித்ததும் ஒரு சுற்று மேலேற்றி நிறுத்த வேண்டும். அந்த ஒரு சுற்றைச் சோம்பிவிட்டால் ஈயம் பாறை இடுக்கில் போய் உட்கார்ந்துவிடும். லீடரைப் பிரதான நரம்பைவிட வலுக்குறைவாகக் கட்டுவேன். சிக்கினால் ஈயத்தோடு போகட்டும், நூறடி பின்னல் நரம்பு கடலடியில் கிடக்க வேண்டாம்.

ஏற்ற இறக்கம் நின்று நீர் அசையாமல் இருக்கும் அந்தக் குறுகிய நேரம்தான் லிங்காட்டுக்கு. நீரோட்டம் எழுந்த பிறகு அரைக் கிலோ ஈயம் போட்டும் தரை தெரியாது.

ஒரு முறை கூட வந்த தம்பி, பாறைகளிடையே வாழும் ராக்ஃபிஷ் என்ற மீனில் சின்னது ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தபோது கோல் திடீரென்று கனத்துப்போனது. “அண்ணா, பாறையில் மாட்டிவிட்டது” என்றான். பாறை தலையை ஆட்டாது, இது ஆட்டியது. மெதுவாக ஏற்றச் சொன்னேன். தெளிந்த நீரில் இருபதடி கீழே பார்த்தால், ராக்ஃபிஷைக் குறுக்கே கவ்வியபடி ஒரு பெரிய லிங்காட் ஏறி வருகிறது. முள் அதன் வாயில் இல்லவே இல்லை. வெறும் பேராசைதான் அதைத் தூக்கி வந்தது. இது இங்கே வழக்கமாக நடக்கும் கூத்து. அதன் தலை காற்றில் பட்டால் விட்டுவிடும். வலையை முன்பே நீருக்குள் இறக்கி, அடியிலிருந்து அள்ள வேண்டும். நீண்ட கைப்பிடியும் ஆழமான பையும் உள்ள வலைக்கு நான் கூடுதலாகக் கொடுத்த காசு அன்றே வசூலாகிவிட்டது.

ராக்ஃபிஷைப் பிடிப்பது எளிது, விடுவதுதான் வேலை. ஆழத்திலிருந்து ஏற்றும்போது காற்றுப்பை விரிந்து, கண் பிதுங்கி, இரைப்பை வாய் வழியே வெளியே வந்துவிடும். மேலே விட்டால் மிதந்தே சாகும், கடற்பறவைக்கு இரையாகும். அதனால் 2019 முதல், வைத்துக்கொள்ளாத ராக்ஃபிஷைப் பிடித்த ஆழத்துக்கே இறக்கிவிடுவது படகில் பிடிப்பவர்களுக்குக் கட்டாயம். நீரின் அழுத்தத்தில் காற்று மீண்டும் சுருங்கி மீன் நீந்திப் போகும். தலைகீழாக முள் பொருத்திய ஈயம் சில டாலருக்குக் கிடைக்கும். தாடையைக் கவ்விப் பிடித்து, குறித்த ஆழம் வந்ததும் தானே திறந்துகொள்ளும் கிடுக்கி விலை கூடுதல். நான் கிடுக்கிக்கு மாறிவிட்டேன். நரம்பை வெடுக்கென்று இழுத்து மீன் கழன்றதா என்று ஊகிக்க வேண்டியதில்லை. அதற்கென்று ஒரு கோலைத் தனியாகத் தயார் நிலையில் வைத்திருக்க வேண்டும். செம்மஞ்சள் நிறத்து யெல்லோஐ ராக்ஃபிஷ் நூறாண்டுக்கு மேல்கூட வாழக்கூடியது, வைத்துக்கொள்ளவும் அனுமதி இல்லை. அது மேலே வந்த பிறகு கிடுக்கியைத் தேடிப் பெட்டியைக் கவிழ்ப்பது அழகல்ல. இக்கரையில் 164 ராக்ஃபிஷ் காப்புப் பகுதிகளும் உண்டு. அங்கே சால்மனுக்கும்கூடத் தூண்டில் இறக்க முடியாது. வரைபடத்தை கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

வட்டமுள்ளும் அரை முதல் ஒரு கிலோ ஈயமும் கட்டி ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீனைப் பிடிப்பதும் உண்டு. வட்டமுள்ளில் மீன் கடித்ததும் கோலை வெடுக்கென்று இழுக்கக் கூடாது; மெல்லச் சுருட்டினால் முள் தானே வாயோரத்தில் மாட்டும். நங்கூரம், மிதவை, நீளக் கயிறு என்று அதற்கான தளவாடம் பெருகிக்கொண்டே போகும். நீரோட்டம் புரளும் மேற்குக் கரையில் நங்கூரமிடுவது அனுபவசாலிகளுக்கே ஆபத்தான வேலை. வைத்துக்கொள்ளும் நீளத்துக்கு உச்சவரம்பும் உண்டு, அது ஆண்டுக்கு ஆண்டு மாறும். என் ஹாலிபட் கோலை விற்றுவிட்டேன். ஆசை வந்தால் அந்த மேற்குக் கரையில் உள்ள யூக்லூலெட் ஊரில் வாடகைப் படகுக்காரரிடம் போய்விடுகிறேன். கருவி, நங்கூரம், கவலை எல்லாம் அவருடையது.

பராமரிப்பில் ஒரே விதி: கரைக்கு வந்ததும் நன்னீர். ரீலைப் பீய்ச்சி அடித்துக் கழுவாதீர்கள், உப்பு உள்ளே ஏறும். மெல்லிய தூறலாக விடுங்கள். டவுன்ரிக்கரின் மின் இணைப்பில் பச்சைப் பூஞ்சைபோல் படிவதைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கிரீஸ் தடவினால் பருவத்துக்குத் தாங்கும்.

சமையல் பற்றிக் கேட்பவர்களுக்கு: புளிக்குழம்புக்கு லிங்காட். வெட்டும்போது சதை சில நேரம் நீலப்பச்சையாக இருக்கும், பயப்பட வேண்டாம். கொதித்ததும் வெளுத்துவிடும், துண்டும் உடையாது. ராக்ஃபிஷ் வறுவலுக்கு. சினூக்கின் கொழுப்புக்குப் புளி ஒத்துவராது. மிளகும் எலுமிச்சையும் தடவி அடுப்பில் சுடுங்கள், வயிற்றுப் பகுதியைத் தனியே எடுத்துவைத்து.