ரோலர் கோஸ்டர்: கணினியில் கட்டுவதா, நேரில் ஏறுவதா?

வடசென்னையின் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவனுக்கு ரோலர் கோஸ்டர் தூரத்துப் பொருள். சென்னையின் பொழுதுபோக்குப் பூங்காக்கள் எல்லாம் தெற்கிலும் மேற்கிலும்தான் இருக்கின்றன. வி.ஜி.பி.யும் எம்.ஜி.எம்.மும் கிழக்குக் கடற்கரைச் சாலையில். குயின்ஸ்லேண்ட் செம்பரம்பாக்கத்தில். 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா, திருப்போரூரை அடுத்த இள்ளலூரில். எங்கள் பக்கம் உயரமாக நிற்பவை துறைமுகத்துக் கிரேன்கள் மட்டுமே. ராட்டினம் ஏற வேண்டுமென்றால் திருவொற்றியூர் மாசித் திருவிழாவுக்குக் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் தீவுத்திடல் பொருட்காட்சி.

அதனால் என் தலைமுறைப் பிள்ளைகள் பலரைப்போல நானும் முதலில் கோஸ்டரில் ஏறவில்லை, கட்டினேன். டி.எச். ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில், மணிக்கணக்கில் காசு கொடுத்து, ரோலர் கோஸ்டர் டைக்கூன் என்ற, பூங்காவைக் கட்டி நடத்தும் கணினி விளையாட்டை விளையாடினேன். நேரில் ஏறியது அதற்கு ஆறேழு ஆண்டுகள் கழித்து. இப்போது அக்கா மகனுக்குப் பதின்மூன்று வயது. "மாமா, விளையாட்டு வாங்கித் தருகிறீர்களா, பூங்காவுக்குக் கூட்டிப் போகிறீர்களா?" என்று கேட்டான். இரண்டில் ஒன்று என்றால் எது என்று நான் உண்மையாகவே உட்கார்ந்து யோசித்தேன். இந்த அலசல் அப்படிப் பிறந்ததுதான்.

போட்டியில் இருப்பவை மூன்று. 1999-இல் வந்த பழைய டைக்கூன், இப்போது கைபேசியில் ரோலர் கோஸ்டர் டைக்கூன் கிளாசிக் என்ற பெயரில் கிடைக்கிறது. இரண்டாவது, 2016-இல் வந்த பிளானட் கோஸ்டர் என்ற கணினி விளையாட்டு. மூன்றாவது, இரும்பும் காற்றுமான நிஜக் கோஸ்டர்.

பழையதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் மனம் அதன் பக்கம்தான். கிறிஸ் சாயர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதன் நிரலை ஏறக்குறைய முழுவதையும் அசெம்பிளி மொழியில், தனி ஆளாக எழுதினார். அசெம்பிளி என்பது கணினியின் எலும்புக்கு அருகில் இருக்கும் மொழி. ஒவ்வோர் எண்ணையும் கையால் எடுத்து வைப்பதுபோல. அதனால்தான் பிரவுசிங் சென்டரில் இருந்த அந்த மட்டமான கணினியிலும் நூற்றுக்கணக்கான மனிதர்கள் பூங்காவில் தனித்தனியே நடந்தார்கள், பசித்தார்கள், வாந்தி எடுத்தார்கள். ஒருவரைத் தொட்டால் அவர் பையில் எவ்வளவு பணம் இருக்கிறது, என்ன நினைக்கிறார் என்பதெல்லாம் தெரியும்.

முதல் கட்டத்தின் பெயர் ஃபாரஸ்ட் ஃபிரான்டியர்ஸ். முதலாம் ஆண்டு அக்டோபர் முடிவில் பூங்காவில் 250 பேராவது இருக்க வேண்டும், பூங்காவின் மதிப்பீடு 600-க்குக் குறையக் கூடாது. அந்த விளையாட்டில் ஓர் ஆண்டு என்பது மார்ச் முதல் அக்டோபர் வரைதான். குளிர்காலத்தில் பூங்காவை மூடிவிடும் ஊர்களின் கணக்கு அது. ஐப்பசி மழையில் வளர்ந்த எனக்கு, நவம்பர் இல்லாத ஆண்டு என்பது வெகுநாள் வியப்பாகவே இருந்தது.

கோஸ்டரைக் கட்டி, காலி வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் மூன்று எண்கள் வரும்: உற்சாகம், தீவிரம், குமட்டல். நான் கட்டிய முதல் கோஸ்டரில் ஒருவர்கூட ஏறவில்லை. தீவிரம் 10-ஐத் தாண்டிவிட்டது. வாசல் வரை வந்து, "பார்க்கவே பயமாக இருக்கிறது" என்ற எண்ணத்தோடு திரும்பிப் போனார்கள். விசைகளைக் காட்டும் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். உயரமான இறக்கத்துக்குக் கீழே, சாய்க்காத தட்டைத் திருப்பம் ஒன்றை வைத்திருந்தேன். பக்கவாட்டு விசை அங்கே கூரிய முள்போல ஏறி நின்றது. திருப்பத்தைப் பிரித்து, உட்பக்கமாகச் சாய்த்துக் கட்டினேன். முள் இறங்கியது. அடுத்த நிமிடம் வரிசை நிறைந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது மின்ட் அருகே பஸ் திரும்பியது. நின்றுகொண்டிருந்த அத்தனை பேரும் ஒரு பக்கமாகச் சரிந்தோம். தட்டைத் திருப்பம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் மையவிலக்கு விசையை மூன்று பக்கத்துக்கு எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தேன். புரிந்தது அந்த பஸ்ஸில்தான். பழைய விளையாட்டின் பெருமை இதுதான்: எங்கே தவறு என்பதை எண்ணால் காட்டும், திருத்த விடும், திருத்தியதற்குப் பலனை உடனே தரும்.

பிளானட் கோஸ்டரை ஓராண்டு விளையாடினேன். அழகுக்குக் குறைவே இல்லை. தண்டவாளத்தை நினைத்த வளைவில் வளைக்கலாம், ஒவ்வொரு செங்கல்லாக அடுக்கிக் கோட்டை எழுப்பலாம், முன்னிருக்கையில் கேமராவை வைத்துச் சுற்றி வரலாம். கட்டடக்கலையில் ஆசை உள்ள பிள்ளைக்கு அதைவிட நல்ல விளையாட்டு இல்லை. ஆனால் பணத்தைப் பற்றிய கவலை அதில் சீக்கிரம் போய்விடுகிறது. கவலை போனதும், "இந்த மேட்டை இன்னும் இரண்டு மீட்டர் குறைத்தால் என்ன?" என்று யோசிக்கும் பழக்கமும் போய்விடுகிறது. பழைய விளையாட்டில் கடனை வைத்துக்கொண்டுதான் பூங்காவைத் தொடங்குவோம்; மழை வந்தால் திறந்தவெளிச் சவாரிகளை மக்கள் தவிர்ப்பார்கள், தகவல் மையத்தில் குடை விலையை ஏற்றினாலும் வாங்குவார்கள். முதலாளியின் நாற்காலி எப்படிக் குத்தும் என்று அது சொல்லித் தருகிறது. பிளானட் கோஸ்டருக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். அந்தச் செலவில் குடும்பமே பூங்காவுக்குப் போய் வரலாம். 2024-இல் வந்த இரண்டாம் பாகத்தில் நீர்ப்பூங்காவும் கட்டலாம். வெயில் காலத்தில் கோஸ்டரைவிட அலைக்குளத்துக்கே கூட்டம் அதிகம் சேரும் நம் ஊருக்கு அது பொருத்தமான சேர்க்கைதான்.

இனி நிஜம். என் அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர். ரயில் சக்கரம் ஏன் தண்டவாளத்தைவிட்டு இறங்குவதில்லை என்று சின்ன வயதில் கேட்டபோது, சாப்பாட்டுத் தட்டை நிமிர்த்திப் பிடித்து அதன் விளிம்பைக் காட்டினார். சக்கரத்தின் உட்பக்கம் இருக்கும் அந்த ஒற்றை விளிம்பு போதும், எடை மீதியைப் பார்த்துக்கொள்ளும் என்றார். கோஸ்டரில் எடையை நம்ப முடியாது. மேட்டின் உச்சியைத் தாண்டும் கணத்தில் வண்டி மேலே எழப் பார்க்கும். அதனால் அங்கே மூன்று வகைச் சக்கரங்கள்: மேலே உருள்வது ஒன்று, பக்கத்தில் அணைப்பது ஒன்று, தண்டவாளத்தை அடியிலிருந்து பிடிப்பது ஒன்று. அடிச்சக்கரத்துக்கு 1919-இல் காப்புரிமை பெற்றவர் ஜான் மில்லர் என்ற அமெரிக்கர். இறக்கங்களை அஞ்சாமல் செங்குத்தாக்க முடிந்தது அதற்குப் பிறகுதான். பூங்காவில் வண்டி நிலையத்துக்குள் வரும்போது குனிந்து பாருங்கள். அந்த மூன்றாவது சக்கரம் கண்ணில் படும். எந்த விளையாட்டும் அதை எனக்குக் காட்டவில்லை.

தலைகீழ் வளையமும் அப்படித்தான். வளையம் என்றால் வட்டம் என்றுதான் நினைப்போம். சரியான வட்டமாகக் கட்டினால், உச்சியில் விழாமல் தாண்டும் அளவுக்கு வேகம் வேண்டும்; அந்த வேகத்தோடு அடியில் நுழையும்போது உடல் தன் எடையைப்போல ஆறு மடங்கைத் தாங்க வேண்டும். உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு அதுதான். வட்டம் பெரிதோ சிறிதோ, ஆறு மாறாது. 1895-இல் நியூயார்க்கின் கோனி தீவில் ஃபிளிப் ஃபிளாப் என்று ஒரு வட்ட வளையம் கட்டி, ஏறியவர்களின் கழுத்தைப் பதம் பார்த்தார்கள். 1976-இல் கலிபோர்னியாவில் ஆன்டன் ஷ்வார்ட்ஸ்கோப் கட்டிய ரெவல்யூஷனுக்கு வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் கணக்குப் போட்டார். வளையத்தைக் கண்ணீர்த் துளி வடிவத்துக்கு மாற்றினார்: அடியில் பெரிய வளைவு, உச்சியில் சிறிய வளைவு. இன்றைக்குப் பூங்காக்களில் நாம் பார்க்கும் வளையம் பெரும்பாலும் கொஞ்சம் நீண்டிருக்கும். எனக்கு அந்த வடிவத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது. நம் கழுத்து எலும்பை நினைத்து ஒருவர் வளைத்த வளைவு அது.

விளையாட்டு தர முடியாதது ஒன்றே ஒன்று, ஆனால் அதுதான் எல்லாமும். சங்கிலி வண்டியை இழுத்துக்கொண்டு மேலே போகிறது. டக், டக், டக் என்று அடியில் சத்தம். சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாதபடி, தடுப்புப் பல் ஒவ்வொரு படியாக விழும் சத்தம் அது. உச்சியில் சத்தம் நிற்கும். அப்புறம் வயிறு மட்டும் தனியாக மேலே போகும். முப்பது மீட்டர் இறக்கம் என்றால் அடியில் மணிக்கு ஏறக்குறைய 87 கிலோமீட்டர் என்று நான் காகிதத்தில் கணக்குப் போட்டிருக்கிறேன். கணக்கு தெரிந்திருந்தும் கம்பியைப் பிடித்த கை வியர்த்தது. டைக்கூனில் இது "எதிர்மறை விசை" என்று ஓர் எண்ணாக மட்டுமே வரும்.

எந்த இருக்கை என்பதும் விளையாட்டில் இல்லாத கேள்வி. அங்கே எல்லா இருக்கைக்கும் ஒரே மதிப்பெண். நேரில் முன்வரிசையில் காட்சி கிடைக்கும். பின்வரிசையில் முதல் இறக்கம் கிடைக்கும். முன்பாதி ஏற்கெனவே விழத் தொடங்கிவிட்டதால், கடைசிப் பெட்டியை அது உச்சிக்கு மேல் சுண்டி இழுக்கும். வரிசை நீளமாக இருந்தாலும் கடைசி இருக்கைக்குக் காத்திருங்கள் என்பேன்.

ஒரு விஷயத்தில் பழைய விளையாட்டு நிஜத்துக்கு அநியாயம் செய்கிறது. அதில் நிலையத்துப் பிரேக் பழுதானால், வண்டி முழு வேகத்தில் உள்ளே வந்து, நிற்கும் வண்டியில் மோதி வெடிக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு நிஜப் பூங்காவில் ஏறப் பயப்படுகிறார்கள். நிஜத்தில் பல கோஸ்டர்களின் பிரேக் இயல்பாகவே மூடிய நிலையில் இருக்கும். காற்றழுத்தம் கொடுத்தால்தான் திறக்கும். காற்று போனால் வண்டி நின்றுவிடும். காந்தப் பிரேக்குக்கு மின்சாரமே வேண்டாம். காலையில் ஆள் ஏறுவதற்கு முன் தண்டவாளத்தைச் சரிபார்த்து, காலி வண்டியை ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த வேலை செய்யும் ஃபிட்டர்களை நான் என் அப்பாவாகவே பார்க்கிறேன்.

செலவுக் கணக்கு எளிது. கைபேசி விளையாட்டு ஒருமுறை வாங்கினால் போதும், பூங்காச் சீட்டைவிடக் குறைவு. பூங்காவுக்கோ ஒருவருக்கே ஆயிரம் ரூபாய்க்கு மேல், அதோடு எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், இரண்டு பஸ், ஒரு முழு நாள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பூங்காவில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, வாசலை நெருங்கியபோது மழை பிடித்து, சவாரியை நிறுத்திவிட்டார்கள். பணமும் திரும்பவில்லை. நிறுத்தியது சரி, காலையிலேயே வானம் கறுத்திருந்தபோது சொல்லியிருக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள். பள்ளி விடுமுறை இல்லாத வாரநாளில் போங்கள்.

இவ்வளவையும் எடை போட்டு நான் அவனுக்குச் சொன்ன தீர்ப்பு: முதலில் பழைய டைக்கூன், மூன்று மாதம். பிறகு பூங்கா. பிளானட் கோஸ்டர் இப்போதைக்கு வேண்டாம். வரிசையை மாற்றிப் போயிருந்தால் அவன் கத்திவிட்டு இறங்கியிருப்பான், அவ்வளவுதான் மிஞ்சியிருக்கும்.

இந்த ஆண்டு வொண்டர்லாவுக்குப் போனோம். அங்கே தஞ்சோரா என்ற கோஸ்டர் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் போலிகர் அண்ட் மபிலார்ட் நிறுவனம் இந்தியாவுக்குத் தந்த முதல் கோஸ்டர். தண்டவாளம் தலைக்கு மேல், கால்கள் அந்தரத்தில். கடைசி வரிசைக்காகக் காத்திருந்தோம். ஏறும்போது பையன் வாய் திறக்கவில்லை. சங்கிலிச் சத்தத்தை உதட்டில் எண்ணிக்கொண்டிருந்தான். இறக்கத்தில் என் கையைப் பிடித்த பிடி நிலையம் வரும் வரை விடவில்லை. எல்லாம் முடிந்து, நிலையத்துக்குள் நுழைவதற்கு முன் வண்டி சட்டென்று நின்றது. பக்கத்தில் ஒருவர் "என்ன ஆயிற்று?" என்று பதறினார்.

"ஒன்றும் ஆகவில்லை அண்ணா," என்றான் இவன், மூச்சு வாங்கிக்கொண்டே. "சென்ட்ரலில் இடம் கிடைக்கும் வரை பேசின் பிரிட்ஜில் ரயில் நிற்கும் அல்லவா, அதுபோலத்தான். உள்ளே சரி என்றதும் பிரேக்கை விட்டுவிடுவார்கள்."

சில நொடிகளில் பிரேக் விட்டது. வண்டி மெல்ல உள்ளே நகர்ந்தது.